ஆடியவர் பெயர் எங்கே?

வணக்கம் ஐயா,

எனக்கு ஊத்தங்கரை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகல் (சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட கல்), கல்திட்டை (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச்சின்னம்), கூத்து என்று தனித்தனியாகப் பதிவு போடும் நான்கைந்து நண்பர் குழுக்கள் சேர்ந்து இனி ஒரே பக்கமாக நடத்தலாம் என்று இருக்கிறோம். யூடியூபா, இன்ஸ்டாகிராமா? இரண்டு மாவட்டத்தையும் ஒன்றாகக் காட்டினால் எடுபடுமா? கூத்தை முழுசாகப் போட்டால் யாரும் பார்ப்பதில்லை, என்ன செய்யலாம்? எங்கள் பதிவுகள் சிலவற்றை இணைத்திருக்கிறேன்.

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

தாராளமாகச் சேர்ந்து செய்யுங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதே 2004இல்தான். நடுகல் வீரனை வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கல் வைக்கிறவர்கள் மாவட்ட எல்லை பார்த்தா வைக்கிறார்கள்? யூடியூபா இன்ஸ்டாகிராமா என்பதை உங்களில் விவரம் தெரிந்தவர் முடிவு செய்யட்டும். கூத்தைத் துண்டு துண்டாகவே போடுங்கள், ஆனால் முழுசையும் பதிந்து பத்திரமாக வையுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் அனுப்பிய கூத்துப் பதிவில், துரியோதனன் விழுந்து சாகும் படுகளக் காட்சியைப் பார்த்தேன். அருமையாக எடுத்திருக்கிறீர்கள். கீழே 'நம்ம மண்ணின் கலை' என்று ஒரு வரி. படம் பிடித்தவர் பெயர் மூலையில் பளிச்சென்று இருக்கிறது. ஆடியவர் பெயர் எங்கே?

அரூர்ப் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துத் திருவிழாவில், வேஷம் கட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர் சின்னக் கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாய்மேல் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் வரிசையாக இருந்தன. மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டியவை. பூச்சு காயும்வரை போனை எடுத்து என்னிடம் காட்டினார். அவர் ஆடும் காட்சிதான். லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். "இதுல எம் பேரு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். கோபமே இல்லை. எங்கேயோ எழுதியிருக்கும், தனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று நினைத்திருக்கிறார். எனக்கு வாயடைத்துவிட்டது.

நடுகல் நடுகல் என்று ஓடுகிறீர்களே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா? ஆறாம், ஏழாம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்லில், எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவன் யாருடைய சேவகன், எந்த ஊரில் தொறு (மாட்டு மந்தை) மீட்கப் போய்ப் பட்டான், அவன் பெயர் என்ன, எல்லாம் சில வரிக்குள் இருக்கும். உளி பிடித்துக் கல்லில் வெட்டியவனுக்கு அதற்கெல்லாம் இடம் இருந்திருக்கிறது. உங்கள் ஊருக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், வீரனோடு நின்று கள்ளரைக் கடித்த நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். நாய்க்குக்கூடப் பெயர் போட்ட சீமை இது. விடிய விடிய ஆடுகிற மனுஷனுக்குப் பெயர் போட உனக்கு என்னப்பா சோம்பல்? இடம் இல்லையென்று மட்டும் சொல்லாதே.

வேஷக்காரர், கூத்து வாத்தியார், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, பின்பாட்டு என்று ஒருவர் விடாமல் பெயர் வேண்டும். ஜமா, அதாவது கூத்துக் குழு, எந்த ஊர், எந்தக் கோயிலில் ஆடியது, என்றைக்கு என்பதும் வேண்டும். சம்மதித்தால் வாத்தியாரின் செல் நம்பரையும் போடுங்கள். பங்குனி, சித்திரையில் பாரதம் வைக்க ஜமா தேடுகிற ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துக் கூப்பிட்டு அட்வான்ஸ் கொடுப்பார்கள். உங்கள் பக்கத்தால் அவர்களுக்கு நாலு ராத்திரி ஆட்டம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். லைக்கை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்?

மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த பழங்கால இரும்பு, மல்லச்சந்திரம் கல்திட்டை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நீங்களும் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் பழைய பதிவுகளுக்குப் போங்கள். அந்தத் துரியோதனன் யார், எந்த ஊர் என்று இன்றைக்கே விசாரித்துப் பெயரைச் சேருங்கள். புதுப் பக்கம் ஒரு மாதம் தள்ளி வந்தாலும் பரவாயில்லை.