படித்தவன்தானே, எப்படி ஏமாந்தான்?

கேள்வி: என் தம்பி பி.இ. படித்தவன், 31 வயது, நல்ல வேலை. கூகுள் மேப்பில் ஹோட்டல்களுக்கு ஐந்து ஸ்டார் போட்டால் பணம் தருவதாக வாட்ஸப்பில் வந்த செய்தியை நம்பி, 11 நாளில் 4,12,000 ரூபாயை விட்டுவிட்டான். அதில் அம்மாவின் நகையை அடகு வைத்த பணமும் உண்டு. வீட்டில் எல்லோரும் பேராசை பிடித்தவன் என்று திட்டுகிறார்கள். படித்தவன் எப்படி ஏமாந்தான்? இப்போது ஒருவர் போன் செய்து, 15,000 கட்டினால் பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பத்துப் பைசா கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்களின் போன் நம்பர்கள் இந்தக் கும்பல்களுக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும். இது அதே வியாபாரத்தின் இரண்டாவது கடை.

பேராசை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாட்ஸப்பில் தொடங்கியது அநேகமாக டெலிகிராமுக்கு மாறியிருக்கும்; தம்பியின் போனில் அந்த உரையாடலை முதலிலிருந்து படித்துப் பாருங்கள். (எதையும் அழிக்க வேண்டாம், புகாருக்கு அதுதான் சாட்சி.) முதல் நாள் அவர் ஒரு ரூபாயும் கட்டியிருக்க மாட்டார். அவர்கள்தான் கொடுத்திருப்பார்கள். மூன்று ஹோட்டலுக்கு ஸ்டார் போட்டதும் கணக்கில் 150 ரூபாய். பணம் கேட்பவனைச் சந்தேகிக்க நமக்குத் தெரியும். கொடுப்பவனைச் சந்தேகிக்க யார் சொல்லித் தந்தார்கள்? அடுத்து, 1,000 கட்டினால் 1,300 என்பார்கள். அதுவும் வந்திருக்கும். தூண்டில் போடுகிறவன் புழுவுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. இங்கே புழுவும் அவன் காசு இல்லை, பெரும்பாலும் வேறு யாரோ ஏமாந்த பணம். அதை வாங்கியவரின் வங்கிக் கணக்கே சில சமயம் முடக்கப்படுவது அதனால்தான்.

பெரிய தொகை போவது இதற்கு அப்புறம்தான். 'குரூப் டாஸ்க்' என்று ஐந்து பேரைச் சேர்த்துவிடுவார்கள். ஒருவர் கட்டாமல் நின்றால் மற்ற நால்வரின் பணமும் மாட்டிக்கொள்ளும் என்பது விதி. "பிரதர், பாப்பா ஸ்கூல் ஃபீஸைப் போட்டிருக்கேன், ப்ளீஸ் முடிச்சுடுங்க" என்று ஒரு பெண் எழுதுவார். அந்த நால்வரும் கும்பலின் ஆட்கள். ஒரே ஆள் நான்கு போனோடு உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த இடத்தில் தம்பியைக் கட்டவைத்தது ஆசை இல்லை, சங்கடம். சங்கடத்துக்காகப் பணம் கொடுக்காதவர் நம் ஊரில் யார் இருக்கிறார்கள்?

பிறகு திரையில் ஆறு லட்சம், ஏழு லட்சம் என்று இருப்பு காட்டும். எடுக்கப் போனால் 'கிரெடிட் ஸ்கோர் குறைவு, கட்டிச் சரிசெய்யுங்கள்' என்பார்கள். அதைக் கட்டினால் வரி. இப்போது அவர் துரத்துவது லாபத்தை அல்ல. போட்டதை எடுத்துக்கொண்டு ஓடிவிடப் பார்க்கிறார். இரண்டு லட்சம் உள்ளே இருக்கும்போது இன்னொரு ஐம்பதாயிரம் சின்னத் தொகையாகத்தான் தெரியும். அம்மாவின் நகை அடகுக்குப் போன தேதியைப் பாருங்கள், அநேகமாக இந்த நாட்களில்தான் இருக்கும். வீட்டில் சொன்னால் திட்டு விழும் என்று சொல்லாமல் இருந்திருப்பார். சொல்லாததால் "டேய், நிறுத்து" என்று தடுக்க ஆளில்லை. இப்போதும் திட்டிக்கொண்டே இருந்தால், அந்த 15,000-ஐயும் உங்களுக்குத் தெரியாமல் கட்டிவிடுவார்.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் ஈரோட்டுக்காரர், பணம் போட்டால் ஈமு கோழி வளர்க்கக் கொடுத்து மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்ன பெருந்துறை மோசடி 2012-இல் வெடித்தது நினைவிருக்கும். கொட்டகையில் பறவை கண்முன்னே நின்றது, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மாதாமாதம் பணம் வந்தது. பணம் போட்டவர்கள் எல்லோரும் படிக்காதவர்களா?

உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால், அது கைமாறும் கணக்குகளிலேயே நிறுத்திவைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். நாள் கடந்ததால் முழுத் தொகையும் வரும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் எங்காவது கொஞ்சம் முடக்கப்பட்டிருந்தால், அதைக் கேட்டு வாங்கப் புகார் எண் வேண்டும். வங்கி ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உள்ள யூடிஆர் எண்ணை (அந்தப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் தனி எண்)த் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்' என்று எஸ்எம்எஸ் வந்தது. கட்டணம் கட்டிவிட்டேன், ஆனாலும் கை நடுங்கியது. ஏன்?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ராத்திரி ஒன்பதரை மணிக்கு எந்த லைன்மேன் ஐயா வந்து ஃபியூஸைப் பிடுங்குவார்? அந்த நேரத்தைக் காரணத்தோடுதான் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரிவு அலுவலகம் பூட்டியிருக்கும், போய்க் கேட்க முடியாது; வீட்டில் ஃபேன் நின்றுவிடுமே, குழந்தை தூங்காதே என்று மனம் ஓடும். அந்தப் பதற்றத்தில் கையில் இருப்பது அவன் கொடுத்த நம்பர் மட்டும். அழைத்தால் ஏதாவது ஒரு செயலியை இறக்கச் சொல்லி, உங்கள் போன் திரையை அவன் பார்க்க ஆரம்பித்துவிடுவான். மின் இணைப்பு எண்ணை வைத்து மின்வாரியத்தின் சொந்தச் செயலியில் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுத்துத் தூங்குங்கள்.