கட்சி சாராதவர்களுக்கு நிலைப்பாடு எதற்கு? ஏ.டி.ஆர். பற்றி வாசகர் கேள்விகள்

தேர்தல் வரும்போதெல்லாம் "இத்தனை வேட்பாளர்கள் மீது குற்ற வழக்கு, இத்தனை பேர் கோடீஸ்வரர்கள்" என்று செய்தி வரும். அந்தக் கணக்கைப் போடுவது ஜனநாயக சீர்திருத்தங்களுக்கான சங்கம் என்கிற ஏ.டி.ஆர். அமைப்பு. அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கட்சி சாராத அமைப்பு என்று சொல்லிக்கொண்டு அரசுக்கு எதிராக வழக்கு மேல் வழக்கு போடுகிறார்களே, இது அரசியல் இல்லையா? (திருச்சி வாசகர்)

யார் ஜெயிக்க வேண்டும் என்று சொல்லாமல் இருப்பதுதான் கட்சி சாராமை. தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, இவர்களுக்கும் உண்டு. உண்மையிலேயே கட்சி சாராதவர்களா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: ஆட்சி மாறியபோது பேச்சு மாறியதா?

இவர்கள் கதையைப் பாருங்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போட்டார்கள். வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றை வாக்காளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. திரிலோசன் சாஸ்திரி, ஜெகதீப் சோக்கர் ஆகியோர் அதில் முன்னால் நின்றவர்கள். (சோக்கர் 2025 செப்டம்பரில் காலமானார். நம் ஒவ்வொருவருடைய வாக்குக்கும் மதிப்புக் கூட்டியவர் அவர்.) உயர் நீதிமன்றம் 2000இல் ஏற்றுக்கொண்டது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2002 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

அப்புறம் நடந்ததை மறக்கக் கூடாது. அந்தத் தீர்ப்பை எதிர்ப்பதில் மட்டும், ஒன்றுக்கொன்று ஆகாத கட்சிகள் எல்லாம் ஒரே அணியாக நின்றன. தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்யும் அவசரச் சட்டம் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமிடம் போனது. அவர் விளக்கம் கேட்டு ஒருமுறை திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மறுபடி அனுப்பியதும் அரசமைப்புப்படி கையெழுத்திட வேண்டியதாயிற்று. பிறகு அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்ற பிரிவாகவே நுழைந்தது. 2003 மார்ச் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தள்ளியது. இன்று வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் வருகிறதே, அது இப்படி வந்ததுதான்.

அப்போது டெல்லியில் பா.ஜ.க. கூட்டணி ஆட்சி. 2013இல் கட்சிகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவர இவர்கள் போராடியபோது காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத்தை எதிர்த்தபோது மறுபடி பா.ஜ.க. ஆட்சி. மூன்று முறையும் கேட்டது ஒன்றைத்தான்: மறைக்காமல் காட்டுங்கள். அதனால்தான் இவர்களைக் கட்சி சாராதவர்கள் என்று தயங்காமல் சொல்கிறேன்.

நானும் ஒரு போராட்ட வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவன். வழக்கு இருந்தாலே குற்றவாளி என்று எழுதுவது அநியாயம் இல்லையா? (தூத்துக்குடி வாசகர்)

உங்கள் கோபம் நியாயமானது. மறியலில் உட்கார்ந்தவர் மீதும் வழக்கு உண்டு, கொலை செய்ததாகச் சொல்லப்படுபவர் மீதும் வழக்கு உண்டு. இரண்டையும் கூட்டி ஒரே சதவீதமாகத் தலைப்பில் போடும்போது வாசகருக்குத் தவறான படம்தான் கிடைக்கிறது. நான் ஏ.டி.ஆர். அறிக்கைகளைப் படிக்கும்போது முதல் எண்ணைத் தாண்டி இரண்டாவது எண்ணுக்குப் போய்விடுவேன். கடுமையான வழக்குகளை அவர்கள் தனியாகப் பிரித்தே தருகிறார்கள். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடியவை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காதவை, கொலை, கடத்தல், பாலியல் வன்முறை, ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகள் என்று அதற்கு அளவுகோல் உண்டு. நம் செய்தித்தாள்கள் அந்த இரண்டாவது எண்ணைத் தலைப்பில் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது என்றால், இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால் பதவி போகும், விடுதலையான பிறகும் ஆறு ஆண்டு நிற்க முடியாது. முன்பெல்லாம் மேல்முறையீடு செய்தால் பதவியில் தொடரலாம் என்று ஒரு சலுகை இருந்தது. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் அது போனது. 2014 செப்டம்பரில் பெங்களூரு தனி நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்றே ஜெயலலிதா சட்டமன்ற உறுப்பினர் பதவியையும் முதல்வர் பதவியையும் இழந்தது இதனால்தான். அடுத்த ஆண்டு மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்ததும் அவர் முதல்வராகத் திரும்பி வந்தார்.

ஏ.டி.ஆர். கேட்பது இன்னும் ஒரு படி மேலே. கடுமையான குற்றத்தில் நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்திருந்தால், அந்த வழக்கும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே போடப்பட்டிருந்தால், போட்டியிடத் தடை வேண்டும் என்கிறார்கள். போலீஸ் போடும் எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது, நீதிபதி ஆவணங்களைப் பார்த்து முகாந்திரம் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஜோடிக்கும் வழக்கைத் தடுக்கத்தான் அந்த ஆறு மாதம். மறியல் வழக்கு இந்த வரம்புக்குள் வராது.

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எதிர்ப்பாளர்கள் மீது பெரிய பிரிவுகளைத் தாராளமாகப் போடும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. கூடங்குளத்தில் கிராமத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. அதைப் பார்த்த பிறகு, தீர்ப்புக்கு முன்பே ஒருவர் நிற்கும் உரிமையைப் பறிப்பதில் எனக்குத் தயக்கம். அரசியல்வாதிகள் மீதான வழக்குகளை ஓராண்டில் முடிப்பதுதான் நேரான வழி என்று நினைக்கிறேன். ஆனால் இதைச் சொல்லிவிட்டு சும்மா இருந்துவிடவும் முடியவில்லை. 2009இல் மக்களவைக்குத் தேர்வானவர்களில் 30 சதவீதம் பேர் தங்கள் மீது குற்ற வழக்கு இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். 2014இல் அது 34, 2019இல் 43, 2024இல் 46 சதவீதம், அதாவது 251 பேர். கடைசித் தேர்தலில் கடுமையான வழக்குள்ளவர்கள் மட்டுமே 170 பேர்.

கட்சிகளுக்கும் ஒரு கடமை உண்டு. வழக்குள்ளவரை ஏன் நிறுத்தினோம், வேறு ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று 48 மணி நேரத்தில் வெளியிட வேண்டும், "ஜெயிக்கக்கூடியவர்" என்பது மட்டும் காரணம் ஆகாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் தொகுதி வேட்பாளருக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். "மக்கள் பணியாளர், வழக்கு அரசியல் பழிவாங்கல்" என்ற வகையில்தான் பெரும்பாலும் இருக்கும்.

தேர்தல் பத்திரம் ஒழிந்தது. இனி கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடுமா? (கோவை வாசகி)

முழுதாகத் தெரியாது. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகப் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தார்கள். அந்த வழக்கின் பெயரிலேயே ஏ.டி.ஆர். இருக்கிறது. நிறுவனங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்று 2017இல் திறந்துவிட்ட கதவையும் நீதிமன்றம் மூடியது. விவரங்கள் வெளிவந்தபோது, அதிகமாகப் பத்திரம் வாங்கியது உங்கள் ஊர் லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் என்று தெரிந்தது. 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்ததை அக்கட்சியே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. அ.தி.மு.க. தனக்கு வந்த 6.05 கோடியில் பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸிடமிருந்து என்று சொல்லியிருந்தது. பல பெரிய கட்சிகள் இந்த அளவுக்குக்கூடச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இருபதாயிரம் ரூபாய் வரை கொடுப்பவர் பெயரைக் கட்சி இன்றும் ஆணையத்திடம் சொல்லத் தேவையில்லை. ஒரே ஆளின் பெரிய தொகையைச் சில்லறையாகப் பிரித்துக் கணக்கு எழுத அந்த ஓட்டை போதும். எவ்வளவு சிறிய தொகையானாலும் பெயர் வேண்டும் என்பது ஏ.டி.ஆர். நிலைப்பாடு. செலவுப் பக்கமும் இதே கதைதான். பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் என்று 2022இல் உச்சவரம்பு வைத்தார்கள். கட்சிக்கு வரம்பே கிடையாது.

கட்சி என்பது தனியார் அமைப்பு. அதை எப்படித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சேர்க்க முடியும்? (மதுரை வாசகர்)

தலைநகரில் சலுகை விலையில் நிலமும் பங்களாவும், வருமான வரி விலக்கு, தேர்தல் நேரத்தில் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம். இவ்வளவும் பொதுப்பணம். 2013 ஜூன் 3ஆம் தேதி மத்திய தகவல் ஆணையம் இதைச் சொல்லித்தான் ஆறு தேசியக் கட்சிகளைப் பொது அதிகார அமைப்பு, அதாவது அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அமைப்பு, என்று அறிவித்தது. கட்சிகள் நீதிமன்றம் போய்த் தடையும் வாங்கவில்லை, உத்தரவுக்குக் கீழ்ப்படியவும் இல்லை. இரண்டு ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு 2015இல் ஏ.டி.ஆர். உச்ச நீதிமன்றம் போனது. வேட்பாளர் தேர்வு ரகசியமெல்லாம் வெளியாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். அது நியாயமான கவலை, அதற்கு விதிவிலக்கு எழுதலாம். வரவு செலவுக் கணக்கை மறைக்க அது சாக்கு ஆகாது.

நோட்டாவுக்குப் போட்டால் என்ன பயன்? (விழுப்புரம் வாசகர்)

இன்றைய நிலையில் பதிவு மட்டும்தான். நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து நிற்பவர் ஜெயித்துவிடுவார். முன்பு 49 ஓ (யாருக்கும் வாக்களிக்க விரும்பவில்லை என்று பதிவு செய்யும் விதி) போட வேண்டுமென்றால் வாக்குச்சாவடி அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், ஊருக்கே தெரியும். 2013இல் பொத்தான் வந்ததும் அந்தப் பயம் போனது. நோட்டா முந்தினால் யாரும் வென்றதாக அறிவிக்காமல், புது வேட்பாளர்களோடு மறுதேர்தல் வேண்டும் என்கிறது ஏ.டி.ஆர். மகாராஷ்டிராவும் ஹரியானாவும் 2018இல் உள்ளாட்சித் தேர்தலில் மறுதேர்தலுக்கு வழி செய்தன. நான் இதை ஆதரிக்கிறேன்.

என் தொகுதி எம்.எல்.ஏ.வின் பிரமாணப் பத்திரத்தை எங்கே பார்ப்பது? பொய் சொல்லியிருந்தால்? (சேலம் வாசகி)

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வேட்பாளர் பிரமாணப் பத்திரம் என்ற பகுதியில் ஸ்கேன் செய்த பக்கங்களே இருக்கின்றன. ஏ.டி.ஆர். நடத்தும் மைநேதா தளத்தில் சுருக்கமாகவும், முந்தைய தேர்தலோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். ஆனால் மூலத்தைப் படியுங்கள். முதலில் வழக்குப் பகுதி: எந்தச் சட்டப் பிரிவு, நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்துவிட்டதா என்று பாருங்கள். அடுத்து வாழ்க்கைத் துணை பெயரிலும் சார்ந்திருப்பவர்கள் பெயரிலும் உள்ள சொத்து. பிறகு கடைசி ஐந்து ஆண்டு வருமானத்தைச் சொத்தோடு வைத்துப் பாருங்கள். அரசுக்கு வரவேண்டிய பாக்கிக்கும் ஒரு கட்டம் உண்டு. எதையும் காலியாக விடக்கூடாது. நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவையே தள்ளலாம் என்று 2013இல் தீர்ப்பு இருக்கிறது.

பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது போதாது, குறைந்தது இரண்டு ஆண்டு வேண்டும் என்று தேர்தல் ஆணையமே 2004இலிருந்து கேட்டுவருகிறது. இரண்டு ஆண்டானால் பதவியும் போகும் அல்லவா, அதனால்தான் அந்த எண். மனு பரிசீலனைக்கு முன்பே தவறைக் கண்டுபிடித்தால் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் ஆதாரத்தோடு எதிர்ப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யலாம். அதையும் வேட்பாளருடைய பத்திரத்தோடு சேர்த்து எல்லோரும் பார்க்க வைப்பார்கள்.