இயர்போனில் சுருக்கென்று ஷாக் அடிப்பது ஏன்?

ட்ரெட்மில்லில் ஓடும்போது அடிக்கடி காதுக்குள் சுருக்கென்று அடிக்கிறது, இயர்போன் கெட்டுப்போச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இயர்போன் மேல் தப்பில்லை, அது நிலைமின்சாரம், அதாவது உரசலால் உடம்பில் சேரும் மின்சாரம்.

ட்ரெட்மில் பெல்ட் உருளைமேல் உரசுவதாலும் நம் ஷூ பெல்ட்டில் பட்டுப் பட்டு எழுவதாலும் மின்னேற்றம் சேரும், ஷூவின் ரப்பர் அடிப்பாகம் அதைத் தரைக்குப் போக விடாது, போதாததற்குப் பாலியஸ்டர் டீஷர்ட்டில் வயர் உரசிக்கொண்டே இருந்தால் இன்னும் ஏறும். கடைசியில் இயர்போன் வாயில் இருக்கும் சின்ன உலோக வலைக்கும் காதுத் தோலுக்கும் நடுவே பொறி தாண்டுகிறது. நமக்கு உறைக்கிற பொறி என்றாலே சில ஆயிரம் வோல்ட் இருக்கும், ஆனால் அதிலுள்ள ஆற்றல் ரொம்பக் குறைவு, நொடிக்குள் தீர்ந்துவிடும். பயப்படாதீர்கள்.

முதலில் பருத்திச் சட்டைக்கு மாறிப் பாருங்கள், வயரைச் சட்டைக்கு உள்ளே விடுங்கள், நடுநடுவே ட்ரெட்மில்லின் உலோகக் கைப்பிடியைத் தொடுங்கள். ஏசி அறையில் காற்று வறண்டு கிடந்தால் தொல்லை கூடும், காதில் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவினால்கூட வித்தியாசம் தெரியும். அப்புறம் உலோக வலையை மூடும் பஞ்சு உறை போட்டுப் பாருங்கள். வயர் இல்லாத இயர்போனில் இந்தத் தொந்தரவு குறைவு.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். போன் சார்ஜில் இருக்கும்போது, ஒரே ஒரு சுருக்காக இல்லாமல் விடாமல் ஜிவ்வென்று இழுத்தால் அது நிலைமின்சாரம் இல்லை, சார்ஜரில் கசிவு. உடனே இயர்போனைக் கழற்றுங்கள், அந்தச் சார்ஜரை மறுபடி தொடவே வேண்டாம்.