எத்தனை படி?

அன்புள்ள ஐயா,

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வரும் பிப்ரவரி முதல் ஜூன் வரை ஒரு செமஸ்டர் ஃப்ளாரன்ஸில் கலையும் கட்டடக்கலையும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கூட வரும் நண்பர்கள் இப்போதே எக்செல்லில் பட்டியல் போட்டுவிட்டார்கள்: வார இறுதிகளில் 31 ஊர்கள். எனக்குத்தான் குழப்பம். அங்கே எடுக்கும் கிரெடிட்டை இங்கே முழுதாக ஏற்பார்களா? இத்தாலியன் ஒரு சொல்கூடத் தெரியாது. எல்லாக் கட்டடமும் முப்பரிமாண மாதிரியாக இணையத்திலேயே கிடைக்கும்போது நேரில் போகத்தான் வேண்டுமா? இன்னொன்று, எனக்குக் கையால் வரைய அவ்வளவாக வராது. அங்கே வாராவாரம் ஸ்கெட்ச் புத்தகத்தைக் காட்டச் சொல்வார்களாம். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

முதல் மூன்று கேள்விகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று கிளம்பும் முன்பே உங்கள் துறையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்பதை நம்பாதீர்கள். மொழிக்கு இருநூறு சொல் போதும், அது இரண்டு மாதத்தில் தானாக வரும். முப்பரிமாண மாதிரியா? ரோமில் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் கூரை உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்துக்குத் திறப்பு இருக்கிறது. மழை நேராக உள்ளே விழும். தரை நடுவில் லேசாக மேடிட்டிருப்பதால் தண்ணீர் ஓடி, பளிங்கில் போட்ட சிறு துளைகளில் இறங்கிவிடும். அந்த மேடு கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது, நடந்தால் கால் சொல்லும். சரி, அது போகட்டும்.

31 ஊர்! ஒரு செமஸ்டருக்கு இருபது வாரம் என்று வைத்தாலும் ஒரு வார இறுதிக்கு ஒன்றரை ஊர். இது படிப்பா, பஸ் கண்டக்டர் வேலையா? கண்டக்டருக்காவது எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு இருக்கும். நண்பர்களை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த உங்களையும் சேர்த்துத்தான்.

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், நானும் அப்படிப் போனவன்தான். இருபத்தொரு வயதில், இதே ஊருக்கு, இதே போல ஒரு செமஸ்டர். அப்போது எக்செல் இல்லை, டைரியில் பட்டியல் போட்டோம். வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறினால் திங்கள் காலை வகுப்பில் தூங்குவோம். போன ஊர்களின் பெயர் இன்றும் நினைவிருக்கிறது. பார்த்தது எதுவும் நினைவில் இல்லை.

ஒருநாள் ஃப்ளாரன்ஸிலேயே இருக்கும் லாரன்ஷியன் நூலகத்தின் முன்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். மைக்கலாஞ்சலோவின் மாடிப்படி அங்கேதான் இருக்கிறது. இரண்டு ரோல் படம் எடுத்திருந்தேன், 72 படங்கள். எங்கள் ஆசிரியை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எத்தனை படி?” என்றார். தெரியவில்லை. “ரைசர் எவ்வளவு?” ஒரு படியின் உயரத்தைக் கேட்கிறார். தெரியவில்லை. “நடுப்படியில் ஏறினாயா, பக்கப்படியிலா?” அதற்கும் விழித்தேன். படம் எடுக்கும் அவசரத்தில் எதில் ஏறினேன் என்றே நினைவில்லை. அவர் திட்டவில்லை, அடுத்த மாணவரிடம் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் தனியாகத் திரும்பிப் போனேன். கூடம் சிறியது, ஆனால் உயரம். தூண்கள் சுவருக்கு முன்னால் நிற்காமல் சுவருக்குள் புதைந்து நிற்கின்றன. தரையில் பெரும்பகுதியைப் படிக்கட்டே எடுத்துக்கொள்கிறது. இரண்டு கைப்பிடிச்சுவர்களுக்கு நடுவே வருகிற படிகள் வளைந்து, முன்னால் பிதுங்கி, மேலேயிருந்து வழிந்து வருவது போல இருக்கும். இருபுறமும் உள்ள படிகள் நேரானவை, அவற்றின் வெளிப்புறத்தில் கைப்பிடி கிடையாது. நடுவில் ஏறினால் கால் எங்கே வைப்பது என்று ஒவ்வொரு படியிலும் கண்ணைக் கீழே போட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஏறினால் உடம்பு தானாக உள்பக்கம் ஒதுங்குகிறது. இது 72 படங்களில் ஒன்றிலும் இல்லை.

1534இல் ஃப்ளாரன்ஸை விட்டுப் போன மைக்கலாஞ்சலோ பிறகு உயிரோடு திரும்பவே இல்லை. இந்தப் படிக்கட்டுக்கு ரோமிலிருந்து ஒரு சின்னக் களிமண் மாதிரியை அனுப்பினார். அதை வைத்து 1559இல் அம்மன்னாத்தி என்ற சிற்பி கட்டி முடித்தார். மரத்தில் செய்யலாம் என்பது மைக்கலாஞ்சலோவின் எண்ணம், அது கல்லில் வந்தது. வடிவமைத்தவர் அந்தப் படியைக் கண்ணால் பார்க்கவில்லை. எதிரே நின்ற நானும் பார்க்கவில்லை.

மூன்று காலைகள் அங்கேயே உட்கார்ந்து வரைந்தேன். என் படிகள் சரிந்த சீட்டுக்கட்டு போலிருந்தன. ஆசிரியை படத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. ஓரத்தில் கிறுக்கியிருந்த எண்களைத்தான் ஒவ்வொன்றாகப் படித்தார். எத்தனை படி என்று இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன், போய் எண்ணுங்கள்.

வரைய வராது என்ற பயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான், மற்றதெல்லாம் யாரும் கேட்பது. ஃப்ளாரன்ஸின் கட்டடக்கலைஞர் புருனெலெஸ்கி, 1401இல் அறிவிக்கப்பட்ட வெண்கலக் கதவுப் போட்டியில் கிபெர்த்தி என்ற சிற்பியிடம் தோற்றவர். அதன் பிறகு நண்பரான சிற்பி தொனத்தெல்லோவோடு ரோமுக்குப் போய் இடிபாடுகளைத் தோண்டித் தோண்டி அளந்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஊர்க்காரர்கள் இருவரையும் புதையல் எடுக்க வந்தவர்கள் என்று நினைத்தார்களாம். அந்த ரோம் ஓவியங்களில் ஒரு தாள்கூட இன்று இல்லை. அவர் நன்றாக வரைந்தாரா, என்னைப் போலச் சீட்டுக்கட்டு வரைந்தாரா, யாருக்கும் தெரியாது. 1420இல் தொடங்கி 1436இல் முடித்த, தரையிலிருந்து சாரம் முட்டுக்கொடுக்காமலே அவர் எழுப்பிய பேராலயக் கும்மட்டம் மட்டும் நீங்கள் போகப்போகிற ஊரின் நடுவில் நிற்கிறது. உச்சி வரை ஏற 463 படி, மேல்பகுதியில் அவை ஒன்றுக்குள் ஒன்றாக உள்ள கும்மட்டத்தின் இரண்டு ஓடுகளுக்கு இடையே போகும். (இதைச் சொல்லிவிட்டேன், பரவாயில்லை, நுழைவுச்சீட்டு வாங்குமிடத்திலேயே எழுதியிருப்பார்கள்.) மேலே போகப் போகச் சுவர் தலைமேல் சாய்ந்துகொண்டே வரும். அங்கே கையை வைத்துப் பாருங்கள்.

பட்டியலில் ஐந்து ஊரை வைத்துக்கொண்டு மீதியை நண்பர்களுக்கு விட்டுவிடுங்கள். அவர்கள் அனுப்பும் படங்களுக்கு ‘சூப்பர்’ என்று போடுங்கள். அப்புறம், பையில் மூன்று மீட்டர் டேப் ஒன்று இருக்கட்டும். பல இடங்களில் காவலாளி அதை நீட்டவிட மாட்டார், அங்கெல்லாம் கைதான். கிளம்பும் முன் உங்கள் சாண் எவ்வளவு என்று அளந்து ஸ்கெட்ச் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையது 21 சென்டிமீட்டர்.