எம்6-இல் முகம் எடுக்க: 75-ஆ, 90-ஆ?

கேள்வி: என்னிடம் 0.72 மடங்கு பெருக்கமுள்ள வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்) உள்ள லைக்கா எம்6 இருக்கிறது. லென்ஸ் 50 மி.மீ. மட்டும்தான். அம்மாவையும் பிள்ளைகளையும் முகம் நிறைய எடுக்க ஆசை. 75 எஃப்/1.4, 90 எஃப்/2, 90 எஃப்/2.8 மூன்றில் எதை வாங்கலாம்? பழைய ரஷ்ய 85 ஒன்றும் மலிவாக வருகிறது.

பதில்: 90 எஃப்/2.8 வாங்குங்கள். அதில் 1990-இல் வந்த லைக்காவின் எல்மாரிட்-எம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

பெரிய திறப்பின் (அதாவது சிறிய எஃப் எண்ணின்) மேல் எல்லோருக்கும் ஒரு மயக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. எஃப்/2 லென்ஸ் ஒன்றை இரண்டு வருடம் வைத்திருந்தேன். ஒவ்வொரு ரோலிலும் பாதிப் படங்களில் கண் மங்கி, காது கூர்மையாக வந்தது. எம்6 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூக்கு, காது, பின்சுவர் எல்லாமே வ்யூஃபைண்டரில் தெளிவாகத்தான் தெரியும். நடுவில் இருக்கும் சின்னக் கட்டத்தில் இரண்டு பிம்பமும் ஒன்றாகச் சேர்வதை வைத்துத்தான் ஃபோகஸ்.

அந்தக் கட்டம் எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. எம்6-இல் ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னல்களுக்கும் இடைவெளி 69.25 மி.மீ. அதை வ்யூஃபைண்டரின் 0.72-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 50 மி.மீ. இந்த எண் பெரிதாக இருக்க இருக்க ஃபோகஸ் நுணுக்கமாகும். 1954-இல் வந்த எம்3-இல் இது 62. சின்னக் கேமராவான லைக்கா சிஎல்லில் 19-தான். அதற்கென்று செய்த 90 மி.மீ. லென்ஸ் எஃப்/4-ஓடு நின்றுவிட்டது. உங்கள் எம்6-இன் அந்த 50 மி.மீ. கணக்கை வைத்து 90 எஃப்/2-ஐயும் ஃபோகஸ் செய்யலாம்தான். ஆனால் ஒன்றரை மீட்டர் தூரத்தில் அதில் கூர்மையாக விழும் ஆழம் 3 செ.மீ. சொச்சம். 75 எஃப்/1.4-க்கும் ஏறக்குறைய அதே அளவுதான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மா லேசாகச் சாய்ந்தாலே 2 செ.மீ. போய்விடும்; பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எஃப்/2.8-இல் நாலரை செ.மீ. கிடைக்கிறது. அந்த ஒன்றரை செ.மீ. உங்கள் ரோலைக் காப்பாற்றும்.

சரி, 75-ஐ ஏன் விட்டேன்? படத்தில் எவ்வளவு விழும் என்பதை வ்யூஃபைண்டரில் கோடுகளால் ஆன சட்டம் ஒன்று காட்டும். எம்6-இல் 75-க்கு 50-இன் கோடுகளுக்குள்ளே நான்கு மூலைக் குறிகள் மட்டும்தான். 90-க்கு ஒழுங்கான சட்டம் உண்டு. கூட வரும் 28-இன் கோடுகள் ஓரத்தில் இருப்பதால் தொந்தரவில்லை. வீட்டு அறைகள் சிறியவை என்றால் மட்டும் 75 பக்கம் போங்கள். அப்போதும் எஃப்/1.4 வேண்டாம், ஃபோக்ட்லேண்டர் கலர் ஹீலியார் 75 எஃப்/2.5 போதும். அது 39 மி.மீ. திருகு மவுண்ட் (திருகி மாட்டும் வகை), எம்6-இல் மாட்ட அடாப்டர் வேண்டும். 50/75 என்று குறித்த அடாப்டரையே கேட்டு வாங்குங்கள். மாற்றி வாங்கினால் வேறு சட்டம் தெரியும்.

ரஷ்ய 85 என்று நீங்கள் சொல்வது ஜூபிடர்-9-ஆகத்தான் இருக்கும். ஜெர்மன் ஸோனார் வடிவமைப்பில் வந்த அழகான லென்ஸ், அதில் சந்தேகமில்லை. ஆனால் லைக்காவில் மாட்டினால் பல லென்ஸ்களில் கிட்டத்தில், முழுத் திறப்பில், ஃபோகஸ் தள்ளி விழும். சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் ஒழிய விட்டுவிடுங்கள்.

எல்மாரிட் விலை அதிகமாகத் தெரிந்தால் அதற்கு முந்தைய மெல்லிய டெலி-எல்மாரிட் 90 எஃப்/2.8-ஐப் பாருங்கள். கையில் பாரமே தெரியாது. ஆனால் அதன் பின்பக்கக் கண்ணாடியில் பனிபோல் மங்கல் படிவது தெரிந்த குறை. டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எந்த லென்ஸ் வாங்கினாலும் முதல் ரோலில் நாலு ஃபிரேமை ஒதுக்குங்கள். செய்தித்தாளைச் சாய்த்து வைத்து, நடு வரியில் பேனாவால் கோடு போட்டு, 1 மீட்டரில் முழுத் திறப்பில் எடுங்கள். கோட்டுக்கு முன்னாலோ பின்னாலோ எழுத்து கூர்மையாக இருந்தால் கேமராவா லென்ஸா என்று பார்க்க வேண்டும். உங்கள் 50-இலும் அதே சோதனையைச் செய்தால் தெரிந்துவிடும். அப்புறம் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில் 1/125 நொடி ஷட்டர் வேகத்தில் தொடங்குங்கள். கட்டத்தை அவர் கண்ணின் ஓரத்தில் வைத்துப் பிம்பம் சேர்ந்ததும் உடனே அழுத்திவிடுங்கள்.