தொண்டியில் கெல்ப் வளருமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கும் என் மகள், அங்கே கடலுக்குள் இருந்த கெல்ப் காடு அழிந்துவிட்டது, திரும்ப வளர்க்கப் பார்க்கிறார்கள் என்கிறாள். கடலுக்குள் காடா? நம் தொண்டியிலும் வளர்க்கலாமா?
- ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: காடுதான் ஆச்சி, ஆனால் மரமில்லை. கெல்ப் என்பது பழுப்புக் கடற்பாசி. வேர் கிடையாது, பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கும். அதில் ராட்சத வகை, சூழல் வாய்த்தால் ஒரே நாளில் 2 அடிகூட வளரும். தேவகோட்டையில் தாவரவியல் நடத்திய காலத்தில் இதைச் சொன்னால் பையன்கள் நம்பவே மாட்டார்கள்.

வட கலிஃபோர்னியாவில் அடி மேல் அடி. 2013 முதல் ஒரு நோய் வந்து சூரியகாந்தி நட்சத்திர மீன்களைக் கொன்றது. கெல்பை மேயும் ஊதா நிறக் கடல் முள்ளெலிகளை (உடம்பெல்லாம் முள்ளாக, உருண்டையாக இருக்கும் கடல் உயிர்) தின்று கட்டுக்குள் வைத்திருந்தவை அவைதான். இன்னொரு காவலாளியான கடல் நீர்நாயை ரோமத்துக்காக எப்போதோ வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள். 2014-இல் கடல் சூடேறியது. சூடான நீரில் நைட்ரேட் சத்து குறைவு, கெல்ப் மெலிந்தது. மிச்சத்தை முள்ளெலிகள் மேய்ந்தன. 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. கொடுமை என்னவென்றால், தின்ன ஒன்றுமில்லாத தரையிலும் அந்த முள்ளெலிகள் உள்ளே வெறும் கூடாக வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சதை இல்லாததால் நீர்நாய்கூடச் சீண்டாது.

அதனால் நடுவதற்கு முன்னால் களையெடுப்பு. தெற்கே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம், பாலோஸ் வெர்டெஸில் முக்குளிப்பவர்கள் சுத்தியலால் முள்ளெலிகளை உடைத்தார்கள், கெல்ப் தானாகவே திரும்பி வந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் வெப்பத்தைத் தாங்கிப் பிழைத்த செடிகளிலிருந்து நாற்று எடுத்து நடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனாலும் கடல் சூடேறிக்கொண்டே போனால், வரத்துக்காலை அடைத்துவிட்டு ஊருணியைத் தூர்வாருகிற கதைதான்.

தொண்டிக்கு வருவோம். வளராது ஆச்சி. கெல்புக்குக் குளிர்ந்த நீரும் பாறையும் வேண்டும். நம் பாக் விரிகுடா வெதுவெதுப்பு, அடியில் மணலும் சேறும். அதற்காக வருத்தப்பட வேண்டாம். நம்மிடம் கடல்புல் இருக்கிறது, ஆவுளியா மேய்கிற புல்வெளி. அந்தக் கடற்பசுவுக்காகவே 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். அடுத்த முறை தொண்டிக்குப் போனால் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பச்சை நாடாவை எடுத்துப் பாருங்கள். அடியில் வேர் ஒட்டியிருந்தால் அது பாசியல்ல, புல்.