ஒரே மார்க், ஒருவருக்கு விடுதலை, ஒருவருக்குப் புரொபேஷன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேடம், முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்து மூன்று நாள் கழித்து யுனிவர்சிட்டியிலிருந்து ஒரு மெயில் வந்தது. 'உங்கள் ஜிபிஏ 1.6. நீங்கள் அகாடமிக் புரொபேஷனில் வைக்கப்பட்டிருக்கிறீர்கள்' என்று முதல் வரி. அதற்குக் கீழே எல்லாம் விதி எண்கள்தான், நாலு தடவை படித்தும் புரியவில்லை. ஐந்து பாடத்தில் நாலில் சி, ஒன்றில் எஃப். என்னை வெளியே அனுப்பப் போகிறார்களா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (முதலாண்டு மாணவி, பெயர் வேண்டாம்)

பதில்: இல்லைம்மா, அனுப்பவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் இன்னும் அதே யுனிவர்சிட்டி மாணவிதான், அடுத்த செமஸ்டருக்குப் பாடம் எடுக்கலாம், வகுப்புக்குப் போகலாம். 'ஜிபிஏ, அதாவது கிரேடுப் புள்ளிகளின் சராசரி, குறைந்தது 2.0 வேண்டும், உங்களிடம் அது இல்லை, இன்ன காலத்துக்குள் சரி செய்யுங்கள்' என்று சொல்கிற நிலைக்குப் பெயர்தான் புரொபேஷன். அந்த வார்த்தையே பாதிப் பயத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பது என் நெடுநாள் வருத்தம். தமிழில் நாம் அதைக் கேட்டுப் பழகியது இரண்டே இடத்தில்தான்: வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரின் தகுதிகாண் பருவம், கோர்ட்டில் தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தையின் பேரில் விடுவது. இரண்டுமே உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் மெயிலைத் திறந்தவுடன் மனசு அங்கேதான் போய் நிற்கும்.

சரி, ஒரு தாளை எடுங்கள். பி என்றால் 3 புள்ளி, சி என்றால் 2, எஃப், அதாவது தோல்வி என்றால் பூஜ்யம். ஒவ்வொரு பாடமும் 3 கிரெடிட் (கிரெடிட் என்பது பாடத்தின் எடை) என்று வைத்துக்கொண்டால் சி வாங்கிய நாலு பாடமும் சேர்ந்து 12 கிரெடிட், கிரெடிட்டுக்கு 2 வீதம் 24 புள்ளி. எஃப் வாங்கியது 3 கிரெடிட், அதற்குப் புள்ளி இல்லை. 24-ஐ 15-ஆல் வகுத்தால் 1.6. மெயிலில் இருக்கிற எண் வந்துவிட்டது பாருங்கள், உங்களைக் கீழே இழுத்தது ஒரே ஒரு பாடம்தான்.

இப்போது அடுத்த செமஸ்டரில் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்து, கூடவே நாலு புதுப் பாடமும் எடுத்து, ஐந்திலும் சி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில யுனிவர்சிட்டிகளில் திரும்பப் படித்து வாங்கிய கிரேடு வந்ததும் பழைய எஃப் கணக்கிலிருந்து போய்விடும், அங்கே உங்கள் மொத்தம் 27 கிரெடிட், 54 புள்ளி, சரியாக 2.0, புரொபேஷன் முடிந்தது. வேறு சில இடங்களில் பழைய எஃப்பும் கணக்கில் நிற்கும், அங்கே 30 கிரெடிட், அதே 54 புள்ளி, ஜிபிஏ 1.8, இன்னும் புரொபேஷன்தான். வாங்கிய மார்க்கில் ஒரு வித்தியாசமும் இல்லை, விதிப் புத்தகத்தில் ஒரு வரிதான் வேறு. அந்த இரண்டாவது வகை யுனிவர்சிட்டி உங்களுடையது என்றால் அடுத்த செமஸ்டரில் 2.4 வாங்க வேண்டியிருக்கும், அதாவது ஐந்தில் இரண்டு பாடத்தில் பி, மிச்சம் மூன்றில் சி. எட்டாத கனி இல்லை.

ஆகவே உங்கள் அட்வைஸரை, அதாவது படிப்பு ஆலோசகரைப் பார்த்ததும் முதல் கேள்வியாக 'திரும்ப எடுத்தால் பழைய கிரேடு போகுமா, எத்தனை பாடத்துக்கு அப்படி அனுமதி' என்று கேளுங்கள். இரண்டாவது, அந்தப் பாடம் அடுத்த செமஸ்டரே நடத்தப்படுகிறதா என்று பாருங்கள், வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் வருகிற பாடங்கள் உண்டு. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். கையில் ஒரு தாளும் கணக்கும் இருந்தால் அம்மா அப்பாவிடம் பேசுவது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமாக இருக்காது, தவிர இதைத் தனியாகச் சுமந்துகொண்டே இன்னொரு செமஸ்டர் படிப்பது ரொம்பக் கடினம்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த விதிகளைச் சுருக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அதில் நானும் ஒருவன். இப்போது எச்சரிக்கை, புரொபேஷன், தொடர் புரொபேஷன், நிபந்தனையுடன் அனுமதி, இடைநீக்கம், நீக்கம் என்று ஆறு நிலைகள். முதலாண்டுக்கு 1.7, இரண்டாமாண்டுக்கு 1.85, அதற்கு மேல் 2.0 என்று படிப்படியான அளவு வேறு. சுருக்கினால் தரம் குறைந்துவிடும் என்கிறார்கள் மூத்த பேராசிரியர்கள். எங்கே ஆரம்பிப்பது? (பேராசிரியர்)

பதில்: இதற்கு முந்தைய கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு ஆரம்பியுங்கள் சார். நாலு தடவை படித்தும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறார் அந்தப் பெண். உங்கள் விதியைப் படிக்கப்போவது தூக்கம் கெட்டு, கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அவர்தான், அவருக்கு வேண்டியது மூன்று பதில்: நான் இப்போது எங்கே நிற்கிறேன், வெளியே வர என்ன செய்ய வேண்டும், எதற்குள். முதல் பக்கத்தில் இந்த மூன்றும் இல்லாத விதியை எத்தனை வக்கீல் பார்த்துச் சரி என்று சொன்னாலும் நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

நான் பல வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் கல்விப் பிரிவில் கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தவள். எங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு வாக்கியம் இப்படிப் போகும்: 'பிரிவு 4.2-இல் கூறப்பட்டவை நீங்கலாக, முந்தைய பருவத்தில் கண்காணிப்பில் இருந்து, ஒட்டுமொத்தச் சராசரி தேவையான அளவுக்குக் குறைவாகவும், ஆனால் பருவச் சராசரி அவ்வளவுக்குக் குறையாமலும் உள்ள மாணவர், பிரிவு 4.5-இன் கீழ் இடைநீக்கத்துக்கு உட்படுத்தப்படாதிருக்கத் தக்கவராவார்.' ஒரு பையன் இந்தப் பக்கத்தை நகல் எடுத்து, இந்த வாக்கியத்துக்கு மட்டும் பேனாவால் கோடு போட்டு, கவுன்ட்டரில் நீட்டி, 'மேடம், நான் இருக்கேனா போறேனா?' என்று கேட்டான். இருக்கிறாய் என்பதுதான் அதன் அர்த்தம். அதை இப்படி எழுதியிருக்கலாம்: 'புரொபேஷனில் இருக்கும்போது ஒரு செமஸ்டரில் 2.0 அல்லது அதற்கு மேல் வாங்கினால், உங்கள் மொத்த ஜிபிஏ இன்னும் 2.0-க்குக் கீழே இருந்தாலும் அடுத்த செமஸ்டர் படிப்பைத் தொடரலாம்.' இரண்டிலும் விதி ஒன்றுதான், ஒரு புள்ளிகூட தரம் இறங்கவில்லை. மூத்தவர்களிடம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அதைவிட நல்ல வாதம் என்னிடம் இல்லை.

அப்புறம் அந்த ஆறு நிலைகள். ஒவ்வொன்றையும் எடுத்து, இதற்குள் வந்ததும் மாணவருக்கு என்ன மாறுகிறது என்று கேளுங்கள். எடுக்கக்கூடிய கிரெடிட் குறைகிறதா, அட்வைஸரைக் கட்டாயம் பார்க்க வேண்டுமா, பதிவு செய்ய முடியாமல் போகிறதா? ஒன்றுமே மாறவில்லை, பெயர் மட்டும்தான் மாறுகிறது என்றால் அதைப் பக்கத்து நிலையோடு சேர்த்துவிடலாம். 'தொடர் புரொபேஷன்' பெரும்பாலும் அப்படித்தான், எத்தனையாவது செமஸ்டர் என்ற கணக்கு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால் போதும், அதற்கு ஒரு தனிப் பெயர் வைத்துப் பிள்ளையை மிரட்ட வேண்டியதில்லை. நல்ல நிலை, புரொபேஷன், இடைநீக்கம், திரும்பத் திரும்ப நடந்தால் நீக்கம். இவ்வளவு போதும் என்பது என் எண்ணம்.

படிப்படியான அளவு பற்றி எனக்கு உங்கள் குழுவைவிடக் கொஞ்சம் கடுமையான கருத்து. முதலாண்டில் 1.7 போதும் என்பது இரக்கமாகத் தெரிகிறது, ஆனால் பட்டம் வாங்க 2.0 வேண்டும் என்பது மாறவில்லையே. 1.75 வைத்திருக்கிற பிள்ளைக்கு ஒரு தாக்கீதும் போகாது, தான் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார், கடைசியில் மலை போல் வந்து நிற்கும். 15 கிரெடிட் முடித்து 1.6-இல் இருப்பவர் அடுத்த 15 கிரெடிட்டில் 2.4 வாங்கினால் மேலே வந்துவிடுவார். 60 கிரெடிட் முடித்து 1.7-இல் இருப்பவர் ஒரே செமஸ்டரில் 2.0-ஐத் தொட வேண்டுமென்றால் 3.2 வாங்க வேண்டும். அதுவரை சி-யும் டி-யுமாக வாங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று பி-க்கு மேல் போவதற்கு என்ன வழி? அதனால் முதல் செமஸ்டரிலிருந்தே 2.0 என்று ஒரே எண் இருக்கட்டும், ஆனால் ஒரு செமஸ்டராவது புரொபேஷனில் இருந்து பார்க்காமல் யாரையும் இடைநீக்கம் செய்யக் கூடாது என்ற வரியும் கூடவே வேண்டும். ஒன்றில்லாமல் மற்றதைப் போட்டால் கொடுமையாகிவிடும்.

அதே 60 கிரெடிட், 1.7 மாணவரை இன்னும் கொஞ்சம் தொடர்ந்து பாருங்கள், செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுத்து, ஒவ்வொன்றிலும் 2.5 வாங்குகிறார், நன்றாகவே தேறிவிட்டார் என்றுதானே சொல்வோம். முதல் செமஸ்டர் முடிவில் மொத்தம் 1.86, அடுத்து 1.97, மூன்றாவதில்தான் 2.04. மொத்த ஜிபிஏவை மட்டும் பார்க்கிற விதி இந்த ஆளை முதல் செமஸ்டரிலேயே வெளியே தள்ளிவிடும். செமஸ்டர் ஜிபிஏவையும் பார்க்கிற விதி அவரைக் காப்பாற்றும். சுருக்குகிறேன் என்று அந்த வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.

தரம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் சொல்லலாம். லிண்டோ, சாண்டர்ஸ், ஓரியோபூலஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் கனடாவின் ஒரு பெரிய பல்கலைக்கழக மாணவர்களின் கிரேடுகளை வைத்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புரொபேஷன் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களையும் சற்றுக் கீழே விழுந்து புரொபேஷனில் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். புரொபேஷனில் போனவர்களில் திரும்பி வந்து படித்தவர்களின் கிரேடு உயர்ந்தது, ஆனால் ஒரு பகுதியினர் திரும்பியே வரவில்லை. மார்க்கில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அந்த வராமல் போனவர்களை நினைத்துத்தான் நான் விதியின் முதல் பக்கம் பற்றி இவ்வளவு சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 8 பாடங்களுக்குப் பிறகு பாதிக்கு மேல் தோற்ற இளநிலை மாணவர்களுக்கு அரசின் கட்டண உதவியை நிறுத்துகிற ஒரு விதி இருந்தது, 2024 ஜனவரியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, தடுமாறுகிறவரை முன்கூட்டியே கண்டுபிடித்து உதவும் திட்டம் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருந்தாக வேண்டும் என்றாக்கினார்கள்.

இரண்டு சின்ன விஷயம். ரிசல்ட் வெள்ளிக்கிழமை வந்து அப்பீலுக்குக் கடைசி நாள் திங்கள் என்று இருந்தால் அது அப்பீலே இல்லை. அதுவும் விடுமுறையில், அட்வைஸர் எல்லாம் ஊரில் இல்லாத நேரத்தில்தான் இந்த மெயில்கள் போகின்றன, தேதியை அதைப் பார்த்து வையுங்கள். கடைசியாக, வரைவு தயாரானதும் குழுவில் இல்லாத ஐந்து மாணவர்களிடம் ஒரு மார்க் பட்டியலைக் கொடுத்து 'இவர் எந்த நிலை, அடுத்து என்ன செய்ய வேண்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். பதில் ஆளுக்கு ஒன்றாக வந்தால் வரைவைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் படிக்கிறான், அங்கே குடியுரிமை உள்ளவன். ஜிபிஏ கெட்டுவிடக் கூடாது என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டு, இந்த வருடம் எடுத்த 30 கிரெடிட்டில் 12-ஐ நடுவிலேயே விட்டுவிட்டான். டீன் ஆபீஸ் 'நல்ல நிலை' என்கிறது, நிதி உதவி ஆபீஸ் உதவியை நிறுத்துவதாகக் கடிதம் அனுப்புகிறது. யார் சொல்வது சரி? (ஒரு தந்தை)

பதில்: இரண்டு பேரும் சரிதான் சார், அதுதான் இதில் கொடுமை. டீன் ஆபீஸ் பார்ப்பது ஜிபிஏ, விட்டுவிட்ட பாடத்துக்கு டபிள்யூ (நடுவில் விலகினார் என்ற குறி) மட்டும் விழும், ஜிபிஏ அசையாது. அமெரிக்க மத்திய அரசின் நிதி உதவிக்கோ இன்னொரு கணக்கும் உண்டு: எடுத்த கிரெடிட்டில் எத்தனை முடித்தார் என்பது. பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் அதிகபட்சம் 180 கிரெடிட் எடுப்பதற்குள் முடித்தாக வேண்டும், அந்த வேகத்துக்கு மூன்றில் இரண்டு பங்காவது தேறியாக வேண்டும், பெரும்பாலான இடங்களில் 67 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் மகன் 30-க்கு 18, அதாவது 60 சதவீதம். அடுத்த செமஸ்டர் 15 எடுத்து 15-ஐயும் முடித்தால் 45-க்கு 33, 73 சதவீதம் ஆகிவிடும், ஆகவே நிலைமை கைமீறிப் போகவில்லை.

நோயோ, வீட்டில் சாவோ, அப்படி ஏதாவது உண்மையான காரணம் இருந்தால் அப்பீல் செய்யச் சொல்லுங்கள். எதனால் இப்படி ஆனது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும், இரண்டாவதைத்தான் நிறையப் பேர் எழுத விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, நிதி உதவி ஆபீஸ் 'புரொபேஷன்' என்றால் அப்பீல் ஏற்கப்பட்டு உதவி தொடர்கிறது என்று அர்த்தம், நல்ல செய்தி. அதே வார்த்தையை டீன் ஆபீஸ் சொன்னால் ஜிபிஏ விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே வளாகத்தில் ஒரே சொல்லுக்கு இப்படி இரண்டு பொருள் இருப்பதை மாற்றச் சொல்லி எத்தனையோ பேர் எழுதிக் கேட்க வேண்டும், நீங்களும் எழுதுங்கள்.

கேள்வி: புரொபேஷனில் இருந்தது டிரான்ஸ்கிரிப்டில் (மொத்த மதிப்பெண் பட்டியலில்) வருமா, வேலைக்குப் போகும்போது தெரியுமா? (கடைசி ஆண்டு மாணவர்)

பதில்: இடத்துக்கு இடம் மாறும். பல பல்கலைக்கழகங்கள் புரொபேஷனைத் தங்கள் உள் பதிவேட்டோடு வைத்துக்கொள்கின்றன, இடைநீக்கமும் நீக்கமும்தான் டிரான்ஸ்கிரிப்டில் ஏறும். சில இடங்களில் எல்லாமே ஏறும். ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் உங்கள் டிரான்ஸ்கிரிப்ட் நகல் ஒன்றை வாங்கி நீங்களே பார்த்துவிடுங்கள், விண்ணப்பம் அனுப்புகிற வாரத்தில் வேண்டாம், இப்போதே.